கேட்டைத் திறந்து நாயை அவிழ்த்துவிடுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்களைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளும் வாசகர் கடிதங்களும் பெரும்பாலும் தெருநாய்களைப் பற்றியவையாகவே இருக்கின்றன. உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டில் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பிறகு அந்த விவாதம் மேலும் சூடுபிடித்திருக்கிறது. அது வேண்டிய விவாதம்தான். ஆனால், மதுரையின் குடியிருப்புத் தெருக்களில் அன்றாடம் நடப்பவர்கள் நன்கறிந்த இன்னொரு தொல்லை அந்தப் பேச்சில் அடிபடாமலே போய்விடுகிறது. கழுத்தில் பட்டையும், கூப்பிட ஒரு பெயரும், வேளாவேளைக்குச் சோறு வைக்க ஒரு வீடும் உள்ள நாய்களைக் காலையிலும் இரவிலும் கேட்டைத் திறந்து தெருவில் விட்டுவிடும் வழக்கத்தைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன். தெருநாயைப் பற்றிக் கேட்டால் மாநகராட்சியைக் கை காட்டலாம். வீட்டு நாய்க்கு அந்த வீட்டார்தான் பொறுப்பு என்பதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

நானும் நாய் வளர்ப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய்களின் மேல் வெறுப்பு கொண்டு எழுதவில்லை. அவற்றின் மேல் உள்ள அக்கறையும் இக்கடிதத்துக்கு ஒரு காரணம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அதில் கெட்ட எண்ணம் எதுவும் தென்படுவதில்லை. புறநகர்களில் ஒன்றரை சென்ட், இரண்டு சென்ட் மனையில் சுற்றுச்சுவர் வரைக்கும் இழுத்துக் கட்டிய வீடுகளில் நாய்க்கென்று மிஞ்சுவது, இருசக்கர வாகனத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே உள்ள கொஞ்ச இடம் மட்டுமே. அங்கே இரவெல்லாம் கட்டிக் கிடக்கும் நாய் விடிந்ததும் வெளியே போகத் தவிக்கிறது. அதைக் கூட்டிக்கொண்டு நடக்க வீட்டில் ஒருவருக்கும் நேரமில்லை. எனவே கேட் திறக்கப்படுகிறது. நாய் தானே போய், யார் வீட்டு வாசலிலோ காலைக்கடனை முடித்து, கொஞ்சம் ஓடிவிட்டுத் திரும்பி வந்துவிடும் என்ற கணக்கு. இதில் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என நம்மைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களைத் தாங்கிய நாய்களையும் கன்னி நாய்களையும் ஆசையோடும் பெருமையோடும் வாங்கி வளர்ப்பவர்கள் இங்கே பெருகியிருக்கிறார்கள். அவற்றில் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. கண் முன்னால் எது விரைந்து ஓடினாலும் பின்னால் பாய்வது அவற்றின் இரத்தத்தில் ஊறியது. மானாவாரிக் காட்டில் அந்தக் குணம் சிறப்பு. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகும் தெருவில் அதுவே ஆபத்து. ஓட வேண்டிய நாயை வாங்கிவிட்டு, அதை ஓட்டிக் கூட்டிச் செல்லும் வேலையை மட்டும் தெருவின் தலையில் கட்டுவது எந்த வகையில் நியாயம்?

அந்த வேளையில் தெருவில் இருப்பவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். பால் ஊற்றுபவர்கள், உங்கள் நாளிதழையே வீடு வீடாகப் போடும் இளைஞர்கள், பூக்கூடையோடு வரும் பெண்கள், வாசல் தெளித்துக் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பவர்கள், குப்பை வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர்கள், சர்க்கரை நோய்க்கு மருத்துவர் சொன்னார் என்று நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய முதியவர்கள். பிறகு மின் கணக்கெடுக்க வருபவரும், எரிவாயு உருளை கொண்டுவருபவரும், தபால்காரரும் வருகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருவில் நடந்துதான் தங்கள் பிழைப்பைப் பார்க்க வேண்டும். வேறு தெரு வழியாகப் போய்க்கொள்ளலாம் என்ற வசதி அவர்களுக்குக் கிடையாது. நாய்க்குப் பயந்து ஒரு வீட்டைத் தவிர்த்தால், பால் வரவில்லை, பேப்பர் வரவில்லை என்று திட்டு வாங்குவதும் அவர்கள்தான். கடித்தால் மட்டுமே குற்றம் என்று பேசுவோர் இவர்களை மறந்துவிடுகிறார்கள். நாய் துரத்தியதில் நிலைதடுமாறி வண்டியிலிருந்து விழுந்து கை முறிந்தவரின் உடலில் ஒரு பல் அடையாளமும் இருப்பதில்லை.

“ஒண்ணும் செய்யாதுண்ணே, நீங்க சும்மா வாங்க” என்று கேட்டுக்குள் நின்றபடியே சொல்லும் குரலைக் கேட்காத தெருவாசி மதுரையில் இருக்க மாட்டார். அதைச் சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவர் வீட்டாரை அந்த நாய் ஒன்றும் செய்ததில்லை என்பது உண்மைதான். ஆனால், தன் வீட்டாரிடம் ஒரு நாய் நடந்துகொள்ளும் முறையை வைத்து, அறியாத ஒருவர் குடையோடோ சாக்குப்பையோடோ தலைக்கவசத்தோடோ வரும்போது அது என்ன செய்யும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சிறு குழந்தை வீறிட்டு ஓடும்போதும் அப்படித்தான். நாயின் குணத்துக்கு உத்தரவாதம் சொல்பவர், அதைக் கண்டு நடுங்கும் எதிர்வீட்டுப் பாட்டிக்கும் சேர்த்து உத்தரவாதம் சொல்ல முடியாது. பயப்படுபவரைப் பார்த்துச் சிரிப்பது இன்னும் மோசம்.

கயிற்றில் பிடித்து நாயைக் கூட்டிச் செல்வோர் படும் பாடு பலருக்குத் தெரியாது. நாய்கள் இயல்பாகச் சந்திக்கும்போது சற்று வளைந்து, பக்கவாட்டில் வந்து, ஒன்றையொன்று மோப்பம் பிடித்து அறிந்துகொள்ளும். அவிழ்ந்து கிடக்கும் நாய் நேராக முகத்துக்கு முகம் பாய்ந்து வருகிறது. கயிற்றில் இருக்கும் நாயால் விலகவும் முடியாது, ஓடவும் முடியாது. எனவே அது உறுமுகிறது, சீறுகிறது. உடனே, “எங்க நாய் விளையாடத்தான் வந்துச்சு, உங்க நாய்தான் பொல்லாதது” என்று பழி, ஒழுங்காகக் கயிறு கட்டிக் கூட்டி வந்தவர் மேல் விழுகிறது. சண்டையை விலக்கப் போய்க் கடி வாங்குவதும் அவரே. இப்படியே போனால், பொறுப்பாக நாய் வளர்ப்பவர்கள் தெருவில் நடப்பதையே விட்டுவிடுவார்கள்.

அவிழ்த்துவிடுவது சுதந்திரம் கொடுப்பது என்று நினைப்பவர்கள், அந்த நாய்க்கு நேர்வதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சுற்றுச்சாலையை ஒட்டிய குடியிருப்புகளில் வண்டியில் அடிபட்டுச் சாகும் நாய்களில் கழுத்துப் பட்டை உள்ளவையும் உண்டு. தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடித் திரும்பி வராமலே போனவையும் உண்டு. பார்வோ, டிஸ்டம்பர் போன்ற கொடிய நோய்கள், உண்ணி, வெறிநாய் நோய் ஆகியவை தெருவிலிருந்து வீட்டுக்குள் வருகின்றன. கருத்தடை செய்யப்படாத வீட்டு நாய் தெருவில் சுற்றினால், அடுத்த சில மாதங்களில் சாக்கடை ஓரத்தில் கண் திறக்காத குட்டிகள் கிடக்கும். தெருநாய் பெருகிவிட்டது என்று மாநகராட்சியைக் குறை சொல்லும் வீட்டாரின் நாயும் அந்தப் பெருக்கத்தில் பங்கு வகித்திருக்கலாம்.

இனி, கடித்துவிட்ட பிறகு நடப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்; ஏனென்றால், உயிர் போகும் இடம் இதுதான். வெறிநாய் நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. அதே நேரத்தில், உரிய காலத்தில் செய்ய வேண்டியதைச் செய்தால் முற்றிலும் தடுத்துவிடக் கூடிய நோயும் அதுவே. கடிபட்ட இடத்தை உடனடியாகக் குழாய்த் தண்ணீர் ஓட விட்டுச் சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சளோ, மிளகாய்ப் பொடியோ, சுண்ணாம்போ அப்பக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் தடுப்பூசி இலவசமாகவே போடப்படுகிறது. தோலினுள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28ஆம் நாள் என நான்கு தவணை. தோலைக் கிழித்து இரத்தம் வந்த கடியானால், நோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்த வேண்டும். கடித்த நாய் யாருடையது என்று தெரிந்தால், அதன் தடுப்பூசிச் சான்றைப் பார்க்கலாம்; அதைக் கட்டிவைத்துப் பத்து நாட்கள் கண்காணிக்கலாம். கண்காணிப்பு முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது என்றாலும், மருத்துவருக்கு அந்தத் தகவல் பெரிய துணை. ஆனால் நம் தெருக்களில் நடப்பது என்ன? நேற்றுவரை “எங்க வீட்டுப் பிள்ளை” என்று கொஞ்சப்பட்ட நாய், யாரையாவது கடித்த அன்று, “அது எங்க நாய் இல்லீங்க, பாவமேன்னு சோறு போடுறோம், அவ்வளவுதான்” என்று ஆகிவிடுகிறது. சில வீடுகளில் நாயையே இரவோடு இரவாக வேறு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். கடிபட்டவர் கூலி வேலைக்குப் போகும் பெண்ணாக இருந்தால், நான்கு முறை மருத்துவமனைக்கு அலையும் நாட்களின் கூலியும் போய், உயிர்ப் பயமும் மிஞ்சுகிறது. நாயை மறுப்பது என்பது அந்தப் பெண்ணின் உயிரோடு விளையாடுவது. அதை வேறு எப்படியும் மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் வாயடைத்து நிற்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 291ஆம் பிரிவின்படி, தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவில் அபராதத்தின் உச்சவரம்பு 1,000 ரூபாயாக இருந்தது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவிலேயே ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வெய்லர் நாய்கள் கடித்துக் குதறியதும் தமிழ்நாடே பதறியது. அதன் பின்னரே, பொது இடத்தில் கயிறும் வாய்மூடியும் வேண்டும், வளர்ப்பு நாய்க்கு உரிமம் வேண்டும் என்பதில் அங்கே கண்டிப்பு வந்தது. மதுரையும் அப்படி ஒரு குழந்தை அடிபடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்காக எடுத்த எடுப்பில் காவல் நிலையத்துக்கு ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டாரோடு காலமெல்லாம் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள் நாம். நாய் துரத்திய கோபத்தில் தெருவில் நின்று கத்தாமல், அமைதியான ஒரு மாலையில் நேரில் போய், நாயைக் குறை சொல்லாமல், “காலையில பிள்ளைக டியூஷன் போற நேரம் மட்டுமாவது கட்டிப்போடுங்கண்ணே” என்று குறிப்பாகக் கேட்டால் பலர் கேட்டுக்கொள்வார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் முழங்கால் வலியால் நாயோடு நடக்க முடியாதவர் இருக்கிறார், கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் தன் நாயோடு அதையும் சேர்த்துக் கூட்டிப் போய் வருகிறான், தொல்லை தீர்ந்தது. பேசியும் கேளாதவர்களுக்குக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மூலம் எழுத்தில் சொல்லலாம். துரத்திய நாள், நேரம், படம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்து, மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும், திங்கள்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். காவல் நிலையம் அதற்கும் பிறகு.

எந்த நிலையிலும் செய்யக் கூடாத ஒன்று, கோபத்தை நாயின் மேல் காட்டுவது. கல்லெறிவதும், வெந்நீர் ஊற்றுவதும், சோற்றில் விஷம் வைப்பதும் கொடுமை மட்டுமல்ல, குற்றமும்கூட. விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ அதே சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. அதேபோல், தெருவில் விடாதே என்றதும் இரண்டடிச் சங்கிலியில் நாள் முழுதும் கட்டிப்போடுவதும் தீர்வாகாது. குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாய்க்கு நடையோ ஓட்டமோ கொடுக்காமல் விடுவதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றங்களாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி கயிற்றைப் பிடித்து நடக்க ஆள் இல்லாத வீட்டில் நாய் வேண்டாம் என்பதே என் முடிவான கருத்து.

தங்கள் நாளிதழ் வாயிலாக மதுரை மாநகராட்சியை நான் கேட்டுக்கொள்வது இவைதான். 100 வார்டுகளிலும் கால்நடை மருத்துவர்களைக் கொண்டு முகாம் நடத்தி, வளர்ப்பு நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு, அதே இடத்தில் உரிமமும் எண் பொறித்த வில்லையும் வழங்க வேண்டும். வில்லை உள்ள நாய் யாரையாவது கடித்த பிறகு, அது தங்களுடையது இல்லை என்று வீட்டார் கைகழுவ முடியாது. மாநகரை ஒட்டிய ஊராட்சிகளிலும் இதைச் செய்ய மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும். பெரிய பூங்காக்களில் ஒரு மூலையை உயரமான வேலியிட்டு, நாய்களை அவிழ்த்து ஓடவிடுவதற்கென்று காலை, மாலை சில மணி நேரம் ஒதுக்கினால், வேட்டை நாய் வளர்ப்போருக்கும் ஒரு வழி பிறக்கும். அவிழ்த்துவிடப்பட்ட வீட்டு நாயைப் பற்றி எந்த அலுவலரிடம், எந்த எண்ணில் புகார் செய்வது என்பதை ஒவ்வொரு வார்டு அலுவலகத்தின் முகப்பிலும் தமிழில் எழுதி வைக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை.