குணாவுக்கு ஒரு கடிதம்

பினாங்கு

அன்புள்ள குணா,

இங்கே எல்லாரும் நலம். முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது, விசாரிக்காதே.

மூத்தவள் ஆய்வுக்கூடத்திலேயே குடியிருக்கிறாள். வாய்ப்புற்றுநோய்ச் செல்களை வளர்க்கிறாளாம். வீட்டுத் துளசிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாதவள்! சாப்பிட உட்கார்ந்தால் பி53 புராணம்தான். அது 17ஆம் குரோமோசோமில் உள்ள மரபணு ஒன்று தரும் புரதம். டிஎன்ஏ பழுதானால் செல் பிரிவதைத் தடுத்து நிறுத்தும். சரிசெய்ய முடியாத பழுது என்றால் அந்தச் செல்லையே சாகடிக்கும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த மரபணுவே கெட்டுப்போயிருக்கிறதாம். இதில் வேடிக்கை என்னவென்றால், 1979இல் இதைக் கண்டுபிடித்தவர்கள் இதுதான் புற்றுநோயை வளர்க்கிறது என்று நம்பினார்கள். அவர்கள் ஆராய்ந்தது அந்த மரபணுவின் கெட்டுப்போன பிரதியை. உண்மை தெளிய 1989 ஆகிவிட்டது. நம் பள்ளிக் காவலாளி ஜாகா மாங்காய்த் திருடனாகப் பட்ட பாடு நினைவிருக்கிறதா? நிஜத் திருடன் இதைப் படித்துக்கொண்டிருக்கிறான்.

இனி விளையாட்டில்லை. வெற்றிலை பாக்கை விடு என்றால் "நான் புகையிலை போடுவதில்லையே" என்பாயே, அந்தப் பழைய சாக்கு செல்லாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே, புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று அறிவித்துவிட்டது. பாக்கோடு நீ தடவும் சுண்ணாம்பு சேரும்போது டிஎன்ஏவைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் வாயிலேயே உண்டாகின்றனவாம். உன் கன்னத்து பி53க்குத் தீபாவளிக்கும் விடுமுறை கிடையாது.

பட்டர்வொர்த் கல்யாணத்தில் ரசம் எரிகிறது என்று ஒதுக்கினாயே, சில்லிப்பாடி மிளகாயைப் பச்சையாகக் கடிக்கிற நீ! லட்டையும் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டாய். மகளிடம் சொன்னேன். அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, "மாமாவுக்கு வாய் முழுதாகத் திறக்கிறதா?" என்று கேட்டாள். பாக்கு போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகுவதுண்டாம். காரம் எரிவது அதன் ஆரம்பம், வாய் திறப்பு குறைவது அடுத்தது. எல்லாருக்கும் அது புற்றுநோயாவதில்லை, சிலருக்கு ஆகிறது.

கண்ணாடி முன் நின்று, மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்களுக்கிடையே நுழைத்துப் பார். நுழைந்தாலும் சரி, நுழையாவிட்டாலும் சரி, இந்த வாரமே அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போய்க் கன்னத்தின் உட்புறத்தைப் பார்க்கச் சொல். பதில் எழுதாதே, எழுதினால் கதை விடுவாய். ஞாயிறு இரவு நானே அழைக்கிறேன். அதற்குள் நீ போகவில்லையென்றால் தங்கச்சியிடம் பேசிக்கொள்கிறேன்.

உன்
ராமு