நாய்க்கு நெஞ்சுப்பட்டி வாங்கப் போகும்போது அளவுநாடாவையும் கொண்டு செல்லுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். வளர்ப்பு நாய்களை மாலையில் வீதிக்குக் கூட்டி வருபவர்கள் அவற்றைப் பிடித்து வைத்திருக்கத் தெரியாமல் நடந்து போவோருக்கும் சைக்கிளில் போவோருக்கும் இடைஞ்சல் தருகின்றார்கள் என்று, சில நாட்களுக்கு முன்னர் தங்கள் பத்திரிகையின் இப்பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய குறையில் நியாயம் இருக்கின்றது. அவர் குறிப்பிட்ட அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு நாள் நின்றவன் என்பதால், நாய் ஏன் கைவிட்டுப் போகின்றது என்பதைப் பற்றி நான் பட்டறிந்ததை எழுதலாம் என்று நினைக்கின்றேன்.

எங்கள் வீட்டு வீமன் சாதி நாயல்ல. ஒழுங்கையிற் பிறந்து, ஒரு மாரி மழைக்கு எங்கள் வளவுக்குள் ஒதுங்கி, அப்படியே தங்கிவிட்ட ஊர் நாய். நெஞ்சு ஆழமானது, இடை ஒடுங்கியது, கழுத்தோ தலையளவுக்குத் தடித்தது. கழுத்துப்பட்டியில் இழுத்து இழுத்து இருமுகின்றான் என்று, கடைகளில் 'ஹானஸ்' என்று விற்கப்படும் நெஞ்சுப்பட்டி ஒன்றை வாங்குவதற்காகச் சென்ற ஆண்டு நகரத்துக் கடையொன்றுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் கேட்டது ஒரேயொரு கேள்வி: "எத்தனை கிலோ, ஐயா?" பதினைந்து என்றேன். நடுத்தர அளவென்று 'எம்' அச்சிட்ட சிவப்புப் பட்டியொன்றை எடுத்து நீட்டினார். நிறம் வீமனுக்கு எடுப்பாக இருக்கும் என்று நானும் மறுபேச்சின்றி வாங்கி வந்தேன்.

மூன்று கிழமையாக ஒரு குறையும் தெரியவில்லை. அதன் பின்னர் ஒரு மாலை, பருத்தித்துறை வீதி ஓரமாக நாங்கள் நடந்துகொண்டிருந்த நேரம், அருகிலிருந்த கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினார்கள். வீமன் முன்னுக்குப் பாயவில்லை. முன்னங்கால் இரண்டையும் நிலத்தில் ஊன்றித் தலையைத் தாழ்த்திக்கொண்டு பின்னுக்கு இழுத்தான். ஒரே உதறல்தான், முன்னங்கால்கள் கழன்றன, பட்டி காதுகளைத் தாண்டியது, கையில் வெறும் பட்டியோடு நான் நின்றேன். அவன் வீதியைக் குறுக்கே கடந்தபோது பேரூந்தொன்று சில்லுகள் கிறீச்சிட நின்றது. நடத்துநர் இறங்கி வந்து எனக்குச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இரண்டு மணித்தியாலம் கழித்து, பக்கத்து ஒழுங்கையிலுள்ள தகர வேலியொன்றின் கீழே நடுங்கிக்கொண்டு கிடந்தவனைக் கண்டுபிடித்தோம். வீட்டுக்கு வந்து பட்டியை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு தையல்கூடப் பிரியவில்லை, கிளிப்பும் உடையவில்லை. அளவுதான் பிழைத்திருந்தது.

நெஞ்சுப்பட்டியே தேவையா, எங்கள் அப்பு ஆச்சி காலத்தில் நாய்கள் கழுத்திற் கயிற்றோடு வாழவில்லையா என்று கேட்பவர்கள் இருக்கின்றார்கள். இழுக்காத நாய்க்குக் கழுத்துப்பட்டியே போதும். இழுக்கும் நாய்க்கு அந்த இழுவை முழுவதும் மூச்சுக்குழாயின் மேலேயே விழுகின்றது. பொமரேனியன் போன்ற சிறிய நாய்களுக்கு மூச்சுக்குழாய் இயல்பாகவே நலிந்து தட்டையாகக்கூடியது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு விடுவதே ஒரு வேலை. கழுத்துப்பட்டியோடு நாய் இழுக்கும்போது கண்ணுக்குள் உள்ள அழுத்தம் கூடுகின்றது என்றும், நெஞ்சுப்பட்டியோடு இழுக்கும்போது அவ்வாறு கூடவில்லை என்றும் 2006 ஆம் ஆண்டில் அமெரிக்க விலங்கு மருத்துவ ஆய்விதழொன்றில் வெளியான ஆய்வு கண்டிருக்கின்றது. மாட்டுவண்டிச் சவாரி பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. எருதுக்கு ஏரி, அதாவது திமில், உண்டு. நுகம் அதன் முன்னே படிந்து நிற்க, மாடு அந்த ஏரியால் வண்டியைத் தள்ளுகின்றது. நுகத்திற் கட்டும் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கக் கூடாதென்று என் தகப்பனார் ஒவ்வொரு தடவையும் விரலை விட்டுப் பார்த்த பின்னரே வண்டியில் ஏறுவார். நாயின் கழுத்தில் பாரத்தைத் தாங்குவதற்கென்று ஏரி எதுவும் இல்லை. தாங்கக்கூடிய இடம் நெஞ்செலும்பும் விலாவுந்தான்.

ஆகவே அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. நாயின் நிறை அதன் உருவத்தைச் சொல்லாது. வீமனும் பக்கத்து வீட்டுக் கட்டை நாயும் தராசில் ஒரே 15 கிலோதான். வீமனின் நெஞ்சுச் சுற்றளவு 61 சென்ரிமீற்றர், மற்றதனுடையது 67. ஒரே 'எம்' இருவருக்கும் எப்படிப் பொருந்தும்? தையற்காரர் பாவிக்கும் துணி நாடாவினால் இரண்டு இடங்களை அளக்க வேண்டும். முதலாவது, முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சு மிக அகன்றிருக்கும் இடத்தின் சுற்றளவு. இரண்டாவது கழுத்தடி, அதாவது கழுத்துப்பட்டி வழக்கமாகக் கிடக்கும் இடமல்ல, அதற்குக் கீழே கழுத்து தோளோடு சேரும் இடம். நாய் நாலு காலிலும் நேராக நிற்கும்போதே அளக்க வேண்டும், இருக்கும்போது அளந்தால் கணக்குப் பிழைத்துவிடும். நாடா இல்லாத வீட்டில் ஒரு நூற்கயிற்றைச் சுற்றி, அதை அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தாலும் போதும். பட்டியின் ஆகக் குறைந்த அளவுக்கும் ஆகக் கூடிய அளவுக்கும் நடுவில் உங்கள் நாயின் அளவு விழுவது நல்லது; இரண்டு பக்கமும் கூட்டிக் குறைக்க அப்போதுதான் இடமிருக்கும்.

போட்ட பின்னர் ஒவ்வொரு வாரின் கீழும் இரண்டு விரல்களைத் தட்டையாக நுழைத்துப் பாருங்கள். இரண்டு விரல் போகவில்லையென்றால் இறுக்கம்; நாலு விரல் போனால் அது பட்டியே அல்ல, மாலை. நெஞ்சைச் சுற்றும் வார் முன்னங்காலின் கக்கத்துக்குள் நெருங்கியிருந்தால் நடக்க நடக்க அங்கே உராய்ந்து மயிர் உதிரும், பிறகு புண்ணாகும். நடுத்தர நாயொன்றுக்கு முழங்கை மூட்டிலிருந்து மூன்று விரற்கடையாவது பின்னால் அந்த வார் நிற்க வேண்டும். எல்லாம் சரியென்று தோன்றியதும், படலையைச் சாத்திவிட்டு முற்றத்தில் ஒரு சோதனை செய்யலாம். நாயின் முன்னால் நின்று, கையில் ஒரு துண்டு இறைச்சியோ பிஸ்கற்றோ வைத்துக்கொண்டு, பிடிகயிற்றை உங்கள் பக்கமாக மெதுவாக இழுங்கள். நாய் பின்வாங்கும்போது பட்டி காதடிக்கு வருமென்றால் அந்தப் பட்டியோடு வீதிக்குப் போகாதீர்கள். இந்தச் சோதனையை நான் முதல் நாளே செய்திருந்தால் அந்த நடத்துநரிடம் பேச்சு வாங்கியிருக்க மாட்டேன்.

வடிவத்துக்கும் அளவுக்குச் சமமான முக்கியத்துவம் உண்டு. மனிதருக்கு இருப்பது போன்ற காறையெலும்பு நாய்க்கு இல்லை. அதன் முன்னங்கால்கள் தசையினாலேயே உடம்போடு பிணைந்திருக்கின்றன, தோள் முன்னும் பின்னும் தடையின்றி அசைந்தால்தான் நடை சீராகும். நெஞ்சுக்கு முன்னால் ஒரே குறுக்கு வாராகப் போகும் பட்டிகள் அந்தத் தோள்மூட்டுக்கு மேலேயே கிடந்து, கால் முன்னே எட்டுவதைத் தடுக்கக்கூடும். முன்னிருந்து பார்க்கும்போது கவட்டை போலத் தோன்றும் பட்டியே நல்லது: இரண்டு வார்கள் கழுத்தின் இருபுறமும் இறங்கி, நெஞ்செலும்பின் மேல் ஒன்றாகி, முன்னங்கால்களின் நடுவே கீழே போக வேண்டும். வீமனைப் போல ஆழ்ந்த நெஞ்சும் ஒடுங்கிய இடையும் உள்ள நாய்களுக்கு, இந்தியாவின் ராஜபாளையம், சிப்பிப்பாறை வகைகளும் இதில் அடங்கும், விலாவுக்குப் பின்னால் இடையைச் சுற்றும் மூன்றாவது வார் ஒன்றும் வேண்டும். நெஞ்சு அகலமாக இருப்பதால் அந்த வார் முன்னோக்கிக் கழன்று வராது. எங்கள் கடைகளில் அப்படியான பட்டி எனக்குக் கிடைக்கவில்லை. சப்பாத்துத் தைக்கும் ஒருவரிடம் பழைய பட்டியையும் நாயையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வீமனைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, பழைய பயணப் பையொன்றின் வாரை வெட்டி, தையலால் சதுரப் பெட்டி போட்டு அதன் நடுவே பெருக்கற்குறியாக இழுத்துத் தைத்துத் தந்தார். அளவெடுக்காமல் விற்ற கடையை விட, அளவெடுத்துத் தைத்த அந்தத் தொழிலாளிக்கே நாயின் உடம்பு விளங்கியிருந்தது.

நெஞ்சுப்பட்டி போட்டால் நாய் இழுப்பதை நிறுத்திவிடும் என்று பலர் நம்புகின்றார்கள். முதுகில் வளையமுள்ள பட்டி அப்படிச் செய்யாது. பனிநாடுகளில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களுக்கு இழுவை வசதியாக இருப்பதற்காகவே பட்டி பூட்டுகின்றார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். நெஞ்சின் முன்னால் வளையமுள்ள பட்டியில் பிடிகயிற்றைக் கொழுவினால், நாய் இழுக்கும் வேளை அதன் உடம்பு பக்கவாட்டில் உங்களை நோக்கித் திரும்புகின்றது. இழுப்பதால் பயனில்லையென்று நாய் கற்றுக்கொள்ள அந்தத் திருப்பம் உதவும். ஆனாலும் கற்பிக்க வேண்டியவர் நீங்கள்தான். கயிறு தளர்ந்திருக்கும் ஒவ்வொரு பத்தடிக்கும் நாய்க்கு ஏதாவது கொடுத்துப் பழக்கினால் இரண்டு மாதத்தில் மாற்றம் தெரியும். இழுக்கும் நேரம் கக்கத்தை நெரித்து வலி கொடுக்கும் வகைப் பட்டிகளையும் சிலர் விற்கின்றார்கள். அவற்றை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எங்கள் காலநிலைக்குப் பஞ்சு வைத்த அங்கி போன்ற பட்டிகள் ஒத்துவராது. நாய்க்கு வியர்வை பாதத்தில்தான். உடம்பின் சூட்டை அது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே தணிக்கின்றது. சித்திரை வெயிலில் அதன் நெஞ்சையும் முதுகையும் தடித்த துணியால் மூடுவது என்னவகை அன்பு என்று எனக்கு விளங்கவில்லை. மெல்லிய நைலோன் வார், ஓரம் வெட்டாதவாறு மடித்துத் தைத்தது, போதுமானது. பண்ணைக் கடலேரிப் பக்கமோ கடற்கரைக்கோ கூட்டிப் போகின்றவர்கள் வளையம் துருப்பிடிக்காத உருக்கா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உப்புக்காற்றில் இரும்பு வளையம் விரைவிலேயே துருவேறிவிடும். தோற்பட்டி மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்ரிக் கிளிப்புகள் நீண்ட நாள் வெயிலில் கிடந்தால் வெளுத்து நொறுங்கும் தன்மைக்கு வரும். வெளுத்த கிளிப்பை மாற்றிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பட்டியைக் கழற்றி, வார் கிடந்த இடமெல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். உண்ணிகள் ஒளிந்து கொள்வது கக்கத்திலும் காதடியிலுந்தான். எங்கள் ஊரில் உண்ணிக் காய்ச்சலால் நாயை இழந்த வீடுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை.

குட்டிகளுக்கு, பாடசாலைச் சப்பாத்து வாங்குவது போல 'வளர்ந்தால் சரியாகும்' என்று ஓரளவு பெரிதாக வாங்கும் எங்கள் பழக்கம் இங்கே உதவாது. மலிவான பட்டியொன்றை இப்போதைய அளவில் வாங்கி, கிழமைக்கொருமுறை தளர்த்தி, பின்னர் மாற்றுவதே பாதுகாப்பு. நெஞ்சுப்பட்டியோடு நாயை வளவில் கட்டிப் போடவும் கூடாது, அது வாரைக் கடித்துவிடும், அல்லது வேலியில் மாட்டிக்கொள்ளும். வாகனத்துக்குள் நாயைக் கட்டி வைக்கப் பாவித்தாலும், சாதாரண நெஞ்சுப்பட்டி விபத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. கழுத்துப்பட்டியை எறிந்துவிட வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும்: நாய்களைப் பதிவு செய்வதற்கென்று 1901 ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையில் கட்டளைச் சட்டம் உண்டு, அந்தப் பதிவுத் தகட்டுக்கும் உங்கள் தொலைபேசி இலக்கத்துக்கும் இடம் கழுத்துதான். அன்று வீமனின் கழுத்தில் ஒன்றும் இருக்கவில்லை. விசர்நாய்க்கடிக்குப் பயந்த ஊரில் தகடில்லாமல் ஓடும் நாயைக் கட்டாக்காலி என்று யாரும் நினைப்பார்கள், நினைப்பதில் தவறுமில்லை.

நகரத்துக் கடைக்காரர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் இருக்கின்றன. மேசையில் ஒரு அளவுநாடாவை வைத்திருங்கள். நாயைக் கூட்டி வருபவர்களைப் படிக்கட்டோடு நிறுத்தாமல், வாசலிலேயே பட்டியைப் போட்டுப் பார்க்க விடுங்கள். விலையைச் சற்றுக் கூட்டினாலும் நாங்கள் வாங்குவோம். உள்ளூராட்சி மன்றங்கள் நடத்தும் விசர்நாய்த் தடுப்பூசி முகாம்களுக்குப் பலர் நாய்களைக் கொடிக்கயிற்றிலும் சாரத்துண்டிலும் கட்டி இழுத்து வருவதைப் பார்த்திருக்கின்றேன். ஊசி போடுவதற்காக நாயை எப்படியும் நிறுத்திப் பிடிக்கின்றார்கள், அந்த அரை நிமிடத்தில் நெஞ்சளவையும் கழுத்தடியையும் எடுத்துத் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் கடைக்குப் போகும்போது அந்த அட்டையே போதும். வீமனின் அட்டையில் நானே எழுதி வைத்திருக்கின்றேன்: நெஞ்சு 61, கழுத்தடி 44, இடை 47.

இங்ஙனம்,
திருநெல்வேலி வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.