கேட்டது ஒரு படம், கட்டிக்கொடுத்தது மூன்று

அனுப்புநர்:
தையல் கடைக்காரி ஒருத்தி,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா,
பாலக்காடு மாவட்டம், கேரளம்.

பெறுநர்:
மேலாளர்,
டிவிடி விற்பனைப் பிரிவு.

பொருள்: சிண்ட்ரெல்லா டிவிடி பெட்டியில் வேண்டாத இரண்டைத் திருப்பி எடுத்துக்கொள்வது பற்றி.

ஐயா,

போன மாதம் உங்களிடம் 599 ரூபாய் கட்டி சிண்ட்ரெல்லா டிவிடி பெட்டி ஒன்று வாங்கினேன். எனக்கு வேண்டியது 1950-ல் வந்த பழைய படம் மட்டும்தான். அதைத் தனியாகத் தரமாட்டோம், மூன்று பாகமும் சேர்த்துத்தான் என்றீர்கள். ரேஷன் கடையில் ஒரு காலத்தில் மண்ணெண்ணெய் வாங்கப் போனால் சோப்பையும் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள், அந்த ஞாபகம் வந்தது. சரி, மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று வாங்கிவிட்டேன். அது என் தப்பு.

அந்தப் படத்தின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்று சொன்னால்தான் என் புகார் உங்களுக்குப் புரியும். சின்ன வயதில் பொள்ளாச்சியில் மாமா வீட்டில், வீடியோ டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து, தெருப்பிள்ளைகள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். வசனம் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் எலிகளும் குருவிகளும் சேர்ந்து அம்மாவின் பழைய கவுனை சிண்ட்ரெல்லாவுக்காகப் புதிதாக்கும் இடம் இருக்கிறதே, அதற்கு வசனம் எதற்கு? ஒரு எலி ஊசியில் நூல் கோக்கிறது, ஒன்று அளவெடுக்கிறது, ஒன்று கத்தரிக்கோலை ஆள் உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கிறது. அக்காமார் வேண்டாம் என்று வீசியெறிந்த பாசிமணியும் இடுப்புப் பட்டையும்தான் அந்தக் கவுனுக்கு அலங்காரம். பிறகு அதே அக்காமார் அது எங்களுடையது என்று பிய்த்துக் கிழிக்கிறபோது அத்தனை பிள்ளைகளும் மூச்சுவிடாமல் இருந்தோம். நான் தையல் மெஷினில் உட்கார்ந்ததற்கு அந்தக் காட்சியும் ஒரு காரணம். (தேவதை தருகிற கவுன் படத்தில் வெள்ளி நிறம். பொம்மைக்காரர்கள் பிறகு அதை நீலமாக்கிவிட்டார்கள். துணிக்காரிக்கு இதெல்லாம் கண்ணில் படும்.)

74 நிமிடம் ஓடுகிற படம். பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697-ல் எழுதிய கதையை வைத்து எடுத்தது. போரின்போது கடனில் மூழ்கிப்போன வால்ட் டிஸ்னி கம்பெனியைக் கரையேற்றியதே இந்தப் படம்தான். அதன் முடிவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மாடியில் பூட்டிக்கிடக்கிறாள். இரண்டு எலிகள் அந்தச் சாவியைப் படிப்படியாக இழுத்துக்கொண்டு போகின்றன. அவள் ஓடிவருகிற நேரம் சித்தி தடியை நீட்டி, செருப்பைக் கொண்டுவருகிற அரண்மனை ஆளைத் தடுக்கிவிட, கண்ணாடிச் செருப்பு தரையில் விழுந்து தூள்தூளாகிறது. எல்லாம் போச்சு என்று நினைக்கும்போது, அவள் அமைதியாகப் பையில் கைவிட்டு இன்னொரு செருப்பை எடுக்கிறாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தத் துணியில் தைக்க ஒரு அங்குலம்கூட மிச்சமில்லை.

52 வருஷம் கழித்து, 2002-ல், இரண்டாம் பாகம். தியேட்டருக்கே வராமல் நேராக வீடியோ கடைக்கு வந்த சரக்கு. மூன்று குட்டிக் கதைகளை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். அரண்மனை விருந்து நடத்துவதில் அவளுக்கு ஒரு சிக்கல், எலி ஒன்று மனுசனாக மாறிப் பார்க்கிறது, அக்காக்காரி அனஸ்டாசியா ரொட்டிக்கடைக்காரனை விரும்புகிறாள். கெடுதல் ஒன்றுமில்லை, தூக்கம் வந்தது. அதோடு விட்டிருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

2007-ல் வந்த மூன்றாம் பாகம்தான் என் புகார். அதில் சித்தியின் கையில் மந்திரக்கோல் கிடைக்கிறது. காலத்தையே பின்னால் திருப்பிவிடுகிறாள். செருப்பு அனஸ்டாசியா காலுக்குப் பொருந்துகிற மாதிரி பெரிதாகிறது. சிண்ட்ரெல்லா வைத்திருக்கிற இன்னொரு செருப்பையும் சித்தி உடைத்துவிடுகிறாள்.

இதை என் பேத்தி என்னிடம் சொல்லாமல் ஒரு நாள் கடையில் தானே போட்டுப் பார்த்துவிட்டாள். ஆறு வயது. நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். "அம்மாயி, இது கள்ளம்! அந்தச் செருப்பு அவ பையிலதானே இருந்துச்சு?" என்று கத்தினாள். (இங்கே பிள்ளைகளுக்குப் பொய் என்பது மலையாளத்தில்தான் வாயில் வரும்.) அப்புறம் முதல் படத்தை மறுபடி போட்டுக் கொடுத்தேன். அவள் பையில் கைவிடுகிற இடம் வந்ததும் பேத்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இதையும் உடைச்சிருவாங்களா?" என்கிறாள். இப்போது ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி. நான் சின்ன வயதில் பார்த்த முடிவு அவளுக்குக் கிடைக்காமல் போய்விட்டது.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். அந்த மூன்றாம் படத்தில் கல்யாண மேடையில் அனஸ்டாசியா எனக்கு இது வேண்டாம் என்று சொல்கிற இடம் நன்றாக இருந்தது. அந்தப் பெண்ணை வைத்துத் தனியாக ஒரு கதை எடுத்திருக்கலாம். அதற்கு ஏன் பழைய கதையைப் பிரிக்க வேண்டும்? நன்றாகப் பொருந்தின ஜாக்கெட்டைக் கொண்டுவந்து இன்னும் கொஞ்சம் ஆல்டர் பண்ணிக்கொடு என்பவர்கள் எங்கள் கடைக்கும் வருவார்கள். வேண்டாம் அக்கா, பிரித்தால் ஊசித்தடம் தெரியும் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். ஐம்பது ரூபாய் நஷ்டம்தான், பரவாயில்லை.

படம் எடுத்தவர்களே 2007-ல், பழைய படங்களுக்கு இப்படி வீடியோவுக்கென்றே பாகம் போடுவதை நிறுத்திக்கொள்வதாக முடிவெடுத்தார்கள். கடல்கன்னி படத்துக்கு ஒன்று, அலாவுதீன் படத்துக்கு இரண்டு என்று அதற்குள் போட்டு முடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அவர்களே விட்டதை நீங்கள் ஏன் இன்னும் கட்டுக்கட்டி விற்கிறீர்கள்? அட்டையில் "முழுக் கதை" என்று வேறு போட்டிருக்கிறீர்கள். முழுக் கதை முதல் சிடியிலேயே இருக்கிறது.

உங்கள் ஆபீசுக்கு போன் செய்தேன். எடுத்த தம்பி மலையாளத்தில் பேசினார், நான் தமிழில் பேசினேன். எங்கள் ஊரில் அது ஒரு பிரச்சினையே இல்லை, நன்றாகத்தான் புரிந்தது. கதை பிடிக்கவில்லை என்றால் ரிட்டர்ன் கிடையாது சேச்சி, சிடியில் கீறல் இருந்தால் சொல்லுங்கள் என்றார். கீறல் சிடியில் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். இரண்டாவதையும் மூன்றாவதையும் திருப்பி எடுத்துக்கொண்டு மூன்றில் இரண்டு பங்குப் பணத்தைக் கொடுங்கள். கணக்குப் பார்த்தால் 399 ரூபாய் 33 பைசா வருகிறது, பைசாவை விட்டுவிடுகிறேன். முதல் படத்தைத் தனியாக விற்கத் தொடங்கினால் எனக்கு இன்னும் நான்கு வேண்டும். தங்கச்சி வீட்டுக்கு இரண்டு, மற்றது வாடிக்கைக்காரர்களுக்கு.

இரண்டு சிடியையும் துணி சுற்றி, பேத்தி கைக்கு எட்டாத அலமாரியில் வைத்திருக்கிறேன். கூரியர் ஆளைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கள். ஓணத் தையல் தொடங்கிவிட்டால் கடையில் நிற்க இடமிருக்காது, அது முடிந்த கையோடு தீபாவளித் தையல் வந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்