நாலு மணிக்கு மேல் வேண்டாம், டீச்சர்

அன்புள்ள தலைமையாசிரியை அவர்களுக்கு,

வணக்கம் டீச்சர். போன பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நீங்கள் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓவியம், இசை, விளையாட்டு என்று விருப்ப வகுப்புகள் வைக்கப் போகிறோம், எது பிடிக்கிறதோ அதைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளட்டும் என்றீர்கள். கோத்தகிரிப் பக்கம் நம்முடையதைப் போன்ற சின்னப் பள்ளியில் ஒரு தலைமையாசிரியை தானாக முன்வந்து இதைச் சொல்வது பெரிய விஷயம். ஏழாம் வகுப்பில் பெண்ணைப் படிக்கவைக்கிற தாயாக, குழு உறுப்பினராக, முதலில் உங்களுக்கு நன்றி. கூட்டத்தில் பேச நேரம் போதவில்லை. மற்ற பள்ளிப் பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. பள்ளி விட்ட பிறகு, நாலு மணிக்கு மேல் வகுப்பு என்றீர்கள். அதை மட்டும் மாற்றிவிடுங்கள், டீச்சர்.

நம் பிள்ளைகளில் பஜார் பக்கம் வீடு இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் எஸ்டேட் லைனிலிருந்தும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) படகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும் கீழே காட்டோரக் குடியிருப்புகளிலிருந்தும் வருகிறார்கள். மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினால்தான் அவர்களுக்கு பஸ். அதை விட்டால் இருட்டிய பிறகுதான் அடுத்தது. காத்திருக்க மனசில்லாத பிள்ளைகள் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கிவிடுவார்கள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அந்தப் பாதையில் கரடி வரும், காட்டெருமை நிற்கும். மழைக்காலமாக இருந்தால் மஞ்சு இறங்கி பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. வீட்டில் அம்மா கொழுந்து எடை போட்டுவிட்டு வரும்வரை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள். பையனை ஒரு நாள் இரண்டு நாள் விட்டுப்பார்க்கலாம் என்று நினைக்கிற வீட்டில்கூடப் பெண்ணை விடமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆக, நாலு மணிக்கு மேல் என்று வைத்தால் அது பஜார் பிள்ளைகளின் வகுப்பாகத்தான் முடியும். அவர்களில் பலருக்கு ஏற்கெனவே கீபோர்டு கிளாஸ் இருக்கிறது, கராத்தே கிளாஸ் இருக்கிறது. பள்ளியை விட்டால் வேறு இடம் இல்லாத பிள்ளை எது? லைன் வீட்டுப் பிள்ளைதான். அந்தப் பிள்ளை பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது இங்கே வகுப்பு நடந்தால் நீங்கள் நினைத்தது நடக்காது.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். உடற்கல்வி பீரியட் இப்போதும் டைம் டேபிளில் இருக்கிறது, ஓவியமும் இருக்கிறது. பரீட்சை நெருங்கினால் அவை கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுகின்றன. எல்லாப் பள்ளியிலும் இதுதான் வழக்கம். சிதறிக் கிடக்கிற அந்த பீரியட்களை ஒன்றாகச் சேர்த்து, வாரத்தில் இரண்டு நாள், அடுத்தடுத்து இரண்டு பீரியட் என்று கட்டிவையுங்கள். முக்கியமாக, மூன்று வகுப்புக்கும் ஒரே நேரத்தில் வையுங்கள். ஆறாம் வகுப்புக்குத் தனியாக, ஏழாம் வகுப்புக்குத் தனியாக என்று போனால், அந்த நேரத்தில் எந்த ஆசிரியர் கையில் இருக்கிறாரோ அவர் நடத்துவதுதான் பாடம். பிள்ளை தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்காது. மூன்று வகுப்பும் ஒன்றாக வெளியே வந்தால்தான் ஒரு பக்கம் ஓவியம், ஒரு பக்கம் இசை, ஒரு பக்கம் விளையாட்டு என்று பிரிக்க முடியும். எட்டாம் வகுப்புப் பையனும் ஆறாம் வகுப்புப் பெண்ணும் ஒரே பாயில் உட்கார்ந்து படம் வரைவார்கள். அது நல்லதுதான்.

காலையில் முதல் இரண்டு பீரியட் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் இருக்கட்டும். அப்புறம் இதை வைக்கலாம். பதினோரு மணி வாக்கில்தான் நமக்கு வெயில் சரியாக ஏறி, பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள். குளிர்காற்றில் ஓடினால் மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு இழுப்பு வந்துவிடும். காலை இறைவணக்கம் முடிந்த கையோடு மைதானத்தில் ஓடவிடுவது இந்த ஊருக்குச் சரிப்படாது. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நம் பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், அதற்குப் பழகியவர்கள். ஆனாலும் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளாமல் ஓடச் சொல்லக் கூடாது.

மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கூடலூர், குந்தா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். நமக்குக் கனத்த மழை அக்டோபர், நவம்பரில். அதனால் உதகையிலிருந்தோ கூடலூரிலிருந்தோ யாராவது போட்ட அட்டவணையை அப்படியே எடுத்து ஒட்டினால் ஒத்துவராது. ஓட்டமும் தாண்டலும் ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை, மறுபடி ஜனவரிக்கு மேல். நடுவில் மழை மாதங்களில் விளையாட்டு எடுத்த பிள்ளைகளுக்குக் கேரம், சதுரங்கம், யோகா, ஸ்கிப்பிங் என்று ஹாலுக்குள் வைக்கலாம்.

நம் மைதானத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மேல் அடுக்கில் நின்று பந்தை அடித்தால் கீழே தேயிலைக்குள் போய்விடுகிறது. பந்தைத் தேடியே பாதி நேரம் முடிந்துவிடும். பெரிய இடம் கேட்கிற ஆட்டங்களுக்கு ஏங்க வேண்டாம். ஷட்டில் கோர்ட்டுக்கு 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் போதும். கீழ் அடுக்கில் அந்த இடம் இருக்கிறது, காற்றில்லாத நாளில் ஆடலாம். மலை ஏற்ற ஓட்டத்துக்கு எஸ்டேட் ரோடே போதும். தினமும் பள்ளிக்கு ஏறி இறங்குகிற பிள்ளைகளுக்கு அதில் இருக்கிற தெம்பு கீழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு வராது. குறுவட்டப் போட்டிக்கு நாம் அனுப்பினால் நீண்ட தூர ஓட்டத்தில்தான் நம் பெயர் வரும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி நடுநிலைப் பள்ளிக்கு விளையாட்டுச் சாமான் வாங்க ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை மானியம் கேட்கலாம். இந்த முறை அதில் கிரிக்கெட் மட்டையை மட்டும் வாங்கிவிடாமல் பெண் பிள்ளைகளையும் கேட்டு வாங்குங்கள். அவர்கள் உடை மாற்ற ஒரு அறையும் வேண்டும். கதவில் தாழ்ப்பாள் இல்லாததாலேயே விளையாட்டு வேண்டாம் என்று சொல்கிற பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் மகளும் அப்படிச் சொன்னவள்தான்.

சொல்லித்தர ஆள் இல்லையே என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று நினைக்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் கலைக்கும் உடற்கல்விக்கும் பணிக்கல்விக்கும் பகுதி நேரப் பயிற்றுநர் என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012-இல் 16,500-க்கும் மேற்பட்ட பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தார்கள், வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை என்று. மலைப் பள்ளிகளில் 100 பிள்ளைகள் எங்கே சேர்வார்கள்? சமவெளிக்குப் போட்ட அளவுகோல் அது. ஆனால் நம் பஸ் ரூட்டிலேயே நம்மைப் போல இன்னும் சில பள்ளிகள் இருக்கின்றன. எல்லோரும் சேர்ந்து கேட்டால் ஒரு ஓவிய ஆசிரியரும் ஒரு உடற்கல்வி ஆசிரியரும் முறை வைத்து வரும்படி மாவட்ட அலுவலகத்தில் ஏற்பாடு செய்ய வாய்ப்பு இருக்கிறது. மனுவை எழுதித் தாருங்கள், மற்ற பள்ளிகளின் மேலாண்மைக் குழுவிடம் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு.

அதுவரைக்கும், ஏன் அதற்குப் பிறகும்கூட, நம்மைச் சுற்றி இருக்கிறவர்களை அழைக்கலாம். தோடர் பெண்கள் பூத்குளி என்கிற தங்கள் போர்வையில் பூ வேலை செய்வதை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? துணியில் முன்கூட்டி எதுவும் வரைந்துகொள்வதில்லை. வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை விரல் நுனியால் எண்ணி, அந்தக் கணக்கில் ஊசியை விட்டு, சிவப்பும் கறுப்புமாகக் கோலத்தை எழுப்புகிறார்கள். ஓர் இழை தப்பினால் அந்த வரிசை முழுக்கக் கோணும், பிரித்துவிட்டு மறுபடி போட வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கு அது நெய்ததா தைத்ததா என்றே தெரியாது. கணக்கில் பின்தங்கிய பிள்ளை இதில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசை. ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும். தோடர் பூ வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது அந்த மக்களுடைய சொத்து. நம் பிள்ளைகள் பழகிப் போடுகிற துணியை ஆண்டு விழாக் கண்காட்சியில் அந்தப் பெயரில் விற்கக் கூடாது. வந்து சொல்லித்தருகிறவருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பாமல் ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் பணம் தர வேண்டும்.

குறும்பர்களின் ஓவியமும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. வெள்ளரிக்கொம்பைப் பாறையில் அவர்கள் முன்னோர் வரைந்த உருவங்கள் உள்ளன. வேங்கை மரத்துப் பாலும் இலைச்சாறும் கொண்டு இன்றைக்கும் வரைகிறார்கள். கலர் பென்சில் பெட்டி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை, தன் ஊர்க் காட்டிலிருந்தே நிறம் எடுக்கலாம் என்று கற்றுக்கொள்ளட்டும்.

இசையில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கோத்தர்களின் ஏழு ஊர்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர்களுடைய கொள் என்கிற குழலைக் கேட்காத மலைக்காரர் கிடையாது. ஆனால் அவர்களிடம் சாமிக்கு உரிய மெட்டு வேறு, சாவுக்கு உரிய மெட்டு வேறு, ஆட்டத்துக்கு உரிய மெட்டு வேறு. எதைப் பள்ளிக்கூடத்தில் வாசிக்கலாம் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். நாம் முடிவுசெய்து கேட்கக் கூடாது. அதேபோல, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் லைன்களில் தப்பு என்கிற பறையை அடிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே வந்து தேயிலைக்கு உழைத்த குடும்பங்கள். தப்பு என்றதும் முகம் சுளிக்கிற பெற்றோர் நம் குழுவிலேயே சிலர் உண்டு. சுளிக்கட்டும். அவர்கள் பிள்ளையும் அந்தத் தப்பைக் கையில் எடுத்து அடிக்கிற நாள் வந்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன்.

பிள்ளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் கை தூக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவள் கையைப் பார்த்துத்தான் இவள் கை போகும். பையன்கள் எல்லாம் விளையாட்டு, பெண்கள் எல்லாம் ஓவியம் என்று பிரிந்துவிடும். ஜூன் மாதத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்துபார்க்கட்டும். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உங்களிடம் மட்டும் கொடுக்கட்டும். காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு ஒரு தடவை மாற்றிக்கொள்ள விடுங்கள், அப்புறம் ஆண்டு முடியும்வரை அதிலேயே இருக்கட்டும். மார்க் வேண்டாம். வீட்டுப் பாடம் முடிக்காத பிள்ளையை அந்த நேரத்தில் உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்லவும் வேண்டாம். படிப்பில் தடுமாறுகிற பிள்ளைக்குத்தான் வாரத்தில் அந்த இரண்டு நாள் அதிகம் தேவை.

2022-23-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் நம் பள்ளியிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அதே நாலைந்து பிள்ளைகள்தான் போகிறார்கள், மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். விருப்ப வகுப்பு அந்த நாலைந்து பேருக்கான பயிற்சியாக மாறிவிடக் கூடாது. சுமாராகப் பாடுகிற பிள்ளையும் ஆண்டு முழுக்கப் பாடட்டும்.

அடுத்த கூட்டத்துக்குப் புது டைம் டேபிளின் நகலைக் கொண்டுவாருங்கள், டீச்சர். தீர்மான நோட்டில் ஏற்றிவிடலாம். லைன் பெற்றோரிடம் நான் பேசுகிறேன். கூட்டத்தை எடை முடிந்த பிறகு வைத்தால் அவர்களும் வருவார்கள், அதற்குள் பஸ் போய்விடும் என்பதால் திரும்பிப் போக ஜீப்புக்கு மட்டும் சொல்லிவைக்க வேண்டும். பெண் பிள்ளைகள் அறைக்குத் தாழ்ப்பாள் போடுகிற வேலையைக் கூட்டம் வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவியின் தாய்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்