மூங்கில் உளுக்கும், பாப்பா

செங்கோட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சாரல் இந்த வருஷம் முன்கூட்டியே இறங்கிவிட்டது. உன் இன்டர்நெட் காட்சிக்கூடத்துக்காக நீ கூரியரில் அனுப்பிய வரைபடம் ஓரம் நனைந்துதான் வந்து சேர்ந்தது. திண்ணையில் விரித்து, மூலைக்கு மூலை படியும் உழக்கும் வைத்துப் பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய கூடத்தில் வயசானவர்கள் உட்கார ஒரு பெஞ்சு கூடவா இல்லை?" என்றாள். அவள் சொன்னதை முதலில் எழுதிவிட்டேன். இனி என்னுடையது.

இன்டர்நெட்டைப் பற்றி ஒரு கூடம், அதில் தெர்மகோல் கிடையாது, ஃப்ளெக்ஸ் கிடையாது, சுவரெல்லாம் மூங்கில் என்று படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே நம் மாட்டுக்கொட்டகை ஞாபகம் வந்தது. நீ எட்டாவது படிக்கும்போது புளியரையிலிருந்து பச்சை மூங்கில் கொண்டுவந்து கட்டினோமே, மூன்றாம் மாதமே தரையில் மஞ்சள் மாவு கொட்டத் தொடங்கியது. காலையில் நீதான் அதைக் கூட்டித் தள்ளுவாய். மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்தைத் தேடித்தான் அந்த வண்டு வருகிறது. தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று கூடை முடைகிறவர்கள் சொல்வார்கள். நிலா விஷயத்தில் நான் தலையிடவில்லை. ஆனால் மழை ஓய்ந்த பிறகு, மூன்று வயதுக்கு மேல் முற்றிய கழியாகப் பார்த்து வெட்டி, ஓடுகிற தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டால் சத்து கரைந்துவிடும். அவசரமென்றால் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தொட்டியில் ஊறவை. வார்னிஷ் அடித்தால் போதும் என்று காண்டிராக்டர் சொன்னால் நம்பாதே. வார்னிஷ் இருப்பது தோலில், வண்டு இருப்பது உள்ளே.

ஒரு வரியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 'இயற்கைப் பொருள், ஆகவே பூமிக்குக் கேடில்லை' என்று நுழைவாயிலில் எழுதப்போகிறாயாம். இன்டர்நெட்டுக்குப் பாட்டன் கடலடித் தந்திக் கேபிள். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே போட்டார்கள். 1858இல் அட்லாண்டிக்கின் குறுக்கே போட்டது மூன்றே வாரத்தில் ஊமையாகிவிட்டது. 1866இல் போட்டதுதான் நின்றது. அந்தச் செம்புக் கம்பிக்குள் தண்ணீர் புகாமல் காத்தது என்ன தெரியுமா? மலேயாக் காட்டு மரத்தின் பால். கட்டபர்ச்சா என்பார்கள். வெந்நீரில் போட்டால் பிசைந்த மாவு போல இளகும், ஆறினால் இறுகும், கடலுக்கடியில் வருஷக்கணக்கில் கெடாது. அதன்மேல் தார் தோய்த்த சணல். எல்லாம் இயற்கைதான். ஆனால் அந்தப் பாலை ரப்பர் போலக் கீறி எடுக்கவில்லை, மரத்தையே வெட்டிச் சாய்த்து எடுத்தார்கள். மரத்துக்குக் கொஞ்சம்தான் தேறும். கேபிளோ ஆயிரக்கணக்கான மைல். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சிங்கப்பூரிலும் மலேயாவின் பல காடுகளிலும் முற்றிய மரத்தைக் காண்பதே அரிதாகிவிட்டது. ஆரியங்காவில் ரப்பர்த் தோட்டத்தைத் தாண்டித் தாண்டி வளர்ந்தவள் நீ, ஒரு மரத்தில் நாளும் பால் வெட்டுவதற்கும் அந்த மரத்தையே வெட்டுவதற்கும் உள்ள தூரம் உனக்குத் தெரியும். அந்தப் பலகையை எடுத்துவிடு. அதே இடத்தில் கட்டபர்ச்சாவின் கதையை வை.

இன்றைக்குக் கொச்சியில் கரையேறும் கேபிளுக்குள் கண்ணாடி இழை, மேலே பாலிதீன். 2024 ஜனவரியில் லட்சத்தீவுக்குத் திறந்துவைத்ததும் அந்த ஜாதிதான். உன் கூடத்தில் பிளாஸ்டிக் இல்லாமல் இருக்கலாம். கூடம் பேசுகிற பொருளே பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கொண்டு கடலடியில் படுத்திருக்கிறது. அதை மறைக்காதே.

இன்டர்நெட்டில் செய்தி துண்டு துண்டாகப் போவதைக் காட்ட நீ வைத்திருக்கும் மர உருண்டை விளையாட்டு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு பெயரைத் துண்டு துண்டாக எழுதி, உருண்டைகளை வெவ்வேறு தடத்தில் உருட்டிவிட்டு, கடைசியில் வரிசைப்படுத்திச் சேர்ப்பது. ஆனால் உன் படத்தில் எல்லா உருண்டையும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நிஜத்தில் அப்படியா? ஒரு தடத்தைக் குழந்தைகளே கட்டை வைத்து அடைக்கட்டும். உருண்டை வேறு வழியில் சுற்றிப் போகட்டும். 2010இல் புனலூர் மீட்டர்கேஜ் பாதையை மூடி, 2018இல் அகலப்பாதையாகத் திறக்கும்வரை கொல்லத்துக்கு நீ மலையேறும் பஸ்ஸில் போய் வரவில்லையா? அதுதான். நடுவில் ஒரு ஓட்டையும் வை, சில உருண்டைகள் அதில் விழுந்து தொலையட்டும். வந்து சேராத துண்டை மட்டும் "மறுபடி அனுப்பு" என்று கேட்க ஒரு மணி இருக்கட்டும். இன்டர்நெட்டின் சாமர்த்தியமே தொலைந்ததைக் கேட்டு வாங்குவதில்தான் இருக்கிறது.

தொடுதிரை பன்னிரண்டு போட்டிருக்கிறாய். எண்ணிக்கையைக் குறைத்துவிடு. போன வருஷம் ஒரு காட்சிக்கூடத்தில் ஐந்து திரையில் மூன்றின்மேல் 'பழுது' என்று அட்டை தொங்கியது. காவலாளி பாவம், வருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். உன் கூடத்தில் எது கெட்டாலும் பக்கத்துத் தச்சரும் எலக்ட்ரீஷியனும் பிரித்துச் சரிசெய்ய முடிய வேண்டும். பசை வேண்டாம், திருகாணி போடு.

திரைக்குப் பதில் என்ன என்று கேட்பாய். கேபிளுக்கு ஜாயின்ட் போடுவதை வை. நான் டெலிபோன் வேலைக்குச் சேர்ந்த காலத்துக் கேபிளில் ஒவ்வொரு கம்பிக்கும் காகிதம் சுற்றியிருக்கும், வெளியே ஈய உறை. உறையில் மயிரிழை விரிசல் விட்டாலும் சாரல் மாதத்தில் தெருவுக்கே போன் செத்துவிடும். குழிக்குள் குந்தி, அந்தக் காகிதத்தில் ஒரு நறுக்கை உருக்கிய மெழுகில் தோய்ப்போம். நுரைத்துச் சீறினால் உள்ளே ஈரம். சத்தமில்லாமல் அடங்கினால் இனிக் கம்பியை முறுக்கலாம். நீ மெழுகு வைக்க முடியாது, தெரியும். ஆனால் இரண்டு ஜோடிக் கம்பியை நிறம் பார்த்து முறுக்கினால் எதிர்முனையில் மணி அடிக்கட்டும். பக்கத்திலேயே, அமெரிக்காவில் 1969 அக்டோபர் 29 அன்று இன்டர்நெட்டின் முன்னோடி வலையில் முதல் செய்தி அனுப்பிய கதையை எழுதிவை. 'லாகின்' என்று அனுப்பப் பார்த்து, எல், ஓ என்ற இரண்டு எழுத்து போனதும் எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது. எனக்கு அந்த ஆட்களை ரொம்பப் பிடிக்கும்.

பரணில் என் பழைய ஈயக் கேபிள் ஒரு முழம் கிடக்கிறது. அடுத்த வாரம் பாலருவி எக்ஸ்பிரஸில் எடுத்து வருகிறேன். ஈயம், பிள்ளைகள் கை படக்கூடாது, கண்ணாடிக்குள் வைக்க ஏற்பாடு செய். மூங்கிலுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லையென்றால், நான் வந்து தட்டிப் பார்க்கும்வரை கொடுக்காதே. அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுவாள்.

பெஞ்சை மறந்துவிடாதே.

அப்பா