ஞாயிறு பயிற்சிக்கு வருபவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் காலை 6 மணிக்கே வந்துவிடுங்கள், 8 மணிக்கு மேல் தரை சுட்டால் நாய்களின் பாதம் தாங்காது.

போன வாரம் பார்த்த ஒன்று. நாய் உட்கார்ந்தது, சரி, ஆனால் நாம் பையைத் துழாவித் தீனியை எடுப்பதற்குள் அது எழுந்து மேலே தாவிவிடுகிறது, அப்போது கொடுத்தால் தாவியதற்குத்தான் கூலி என்று எடுத்துக்கொள்ளும். அதற்குத்தான் கிளிக்கர், அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும் சின்னக் கருவி. பின்பகுதி தரையைத் தொட்ட நொடியே ஒரு 'டிக்', அப்புறம் தீனி நிதானமாக வரலாம். 1960-களில் டால்பின்களை விசில் ஊதிப் பழக்கியவர்கள் மூலம் பரவிய வித்தை இது (டால்பினைக் கழுத்துப்பட்டை போட்டு இழுக்க முடியாதே!). கிளிக்கர் இல்லையா, வாயால் 'எஸ்' சொன்னாலும் போதும், ஆனால் எப்போதும் அதே சொல்.

தீனிக்கு உப்பில்லாமல் வேகவைத்த கோழி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. வெங்காயம், திராட்சை, சாக்லேட் கண்டிப்பாகக் கூடாது.

கூப்பிட்டதும் தாமதமாக வந்தால் திட்டாதீர்கள். எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை நாயை நான் ஒரு தடவை திட்டிவிட்டு, அது மறுபடி கைக்கெட்டும் தூரத்துக்கு வர மூன்று வாரம் கெஞ்சினேன்.

அஜிலிட்டிக்கு (தடைகளைத் தாண்டி ஓடும் பயிற்சி) ஒன்றரை வயதாகாத நாய்களுக்குத் தாண்டும் கம்பு தரையில்தான் இருக்கும், எலும்பு முற்றவில்லை, சண்டை போடாதீர்கள். முள்பட்டையோ சோக் செயினோ (இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி) மாட்டி வந்தால் வாசலிலேயே கழற்றச் சொல்வேன். தண்ணீர்க் கிண்ணம் அவரவர் கொண்டுவரவும்.