இவ்வார வாசிப்பு: யாக்கோபு 2:14–26

கிறிஸ்துவுக்குள் அன்பான உறுப்பினர்களுக்கு,

இவ்வாரம் புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபு நிருபத்தின் (கடிதத்தின்) 2ஆம் அதிகாரத்தை 14ஆம் வசனம் முதல் இறுதிவரை அனைவரும் வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உடையும் அன்றாட உணவும் இல்லாதவரிடம் சமாதானமாகப் போகச் சொல்லிவிட்டு, அவருக்குத் தேவையானதைக் கொடாமல் அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு கேட்பது, ‘ஜெபிக்கிறோம்’ என்று பதிலிட்டதோடு நகர்ந்துவிடும் நம்மையும் (இக்குழுவையும் சேர்த்தே) நோக்கிய கேள்வி. கிரியைகளில்லாத (செயல்களில்லாத) விசுவாசம் செத்தது என்று யாக்கோபு கூறினாலும், நற்செயல்களால் இரட்சிப்பைச் சம்பாதிக்கலாம் என்பது இதன் பொருளன்று. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டோம் என்று எபேசியர் 2:8 கூறுகிறது, ஆனால் நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று 10ஆம் வசனம் உடனே தொடர்கிறது. இரண்டு பகுதிகளையும் சேர்த்தே வாசியுங்கள். முற்பிதாவாகிய ஆபிரகாமுக்கு அருகே, இஸ்ரவேலரின் வேவுகாரரை ஏற்றுக் காத்த எரிகோவின் வேசியாகிய ராகாபையும் யாக்கோபு சான்றாக நிறுத்துவது ஏன் என்பதைச் சிந்தித்து, உங்கள் கருத்துகளைச் சனிக்கிழமைக்குள் இங்கே பதிவிடுங்கள்.